கண்ணாடி உலையும் இரண்டு சத்தியங்களும்

அமெரிக்காவில், ஒஹையோ ஆற்றங்கரையில் ஒரு கண்ணாடி ஆலை இருந்தது. உருகிய கண்ணாடியைக் குழாயால் ஊதிப் பாட்டில் செய்கிறவர்களுக்கு மட்டும் அங்கே வெகுகாலமாய் ஒரு சங்கம் உண்டு. உலைக்குக் கரி தள்ளுகிறவர்களையும், பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கும் பெண்களையும் அது வாசலோடு நிறுத்திவிடும். ஜொசாயாவைப் போன்ற கறுப்பு மனிதர்களை வாசல்வரைகூட விடாது. பிறகு காலம் மாறி, ஆலைக்குள் கால்வைக்கும் எல்லோருக்கும் ஒரே சங்கம் என்று ஆயிற்று. அந்தக் குளிர்காலத்திலேயே வேலைநிறுத்தமும் வந்தது.

எல்லோரும் இரண்டு சத்தியம் செய்தார்கள். வேலைநிறுத்தம் முடியும்வரை ஆலை வாசலைத் தாண்டுவதில்லை. சக தொழிலாளியைக் காட்டிக்கொடுப்பதில்லை. மீறியவர் வீட்டுக்குச் சங்கம் தரும் பால் நின்றுவிடும்.

பெட்டி அடுக்கும் இலோனாவுக்குக் கைக்குழந்தை. அரைவயிற்றுச் சாப்பாட்டில் அவளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. சங்கத்துப் பாலில்தான் பிள்ளை உயிரோடு இருந்தது.

அவள் கணவன் மத்தேய் உலைக்காரன். ஜொசாயாவும் உலைக்காரர். அந்த உலையின் குணம் தெரிந்தவர்கள் இவர்கள் இருவரே. முதலாளியோ ஆபீஸ் குமாஸ்தாக்களைக் கரி தள்ள விட்டார். அவர்கள் அள்ளி அள்ளிக் கொட்டியதில் நெருப்பு மூச்சுத் திணறியது. புகை கன்னங்கரேலென்று வந்தது.

“அமுக்கிட்டானுங்க,” என்றான் மத்தேய், ஜன்னலில் நின்றபடி. “உலை குளிர்ந்தா உள்ளே கண்ணாடி இறுகி, உலையே பிளந்துடும். அப்புறம் எந்த ஆலைக்குத் திரும்பறது?”

“சங்கத்துல சொல்லுங்களேன்,” என்றாள் இலோனா.

“சொல்லாமலா? அணையட்டும், அப்பத்தான் முதலாளி வழிக்கு வருவார்ங்கறார் தலைவர் ரீஸ். அவர் பாட்டில் ஊதறவர், எந்த ஊருக்குப் போனாலும் பொழைச்சுக்குவார். நாம?”

மறுநாள் விடிகாலையில் அவன் பின்பக்கமாக உள்ளே போய் நெருப்பைச் சீராக்கிவிட்டு வந்தான். உலை சாகக்கூடாது, பாட்டில் செய்யவும் ஆகக்கூடாது. சூட்டை அந்த அளவில் வைத்தான். “யார்கிட்டயும் மூச்சு விடாதே,” என்று மனைவியிடம் வாக்கும் வாங்கிக்கொண்டான்.

புகை வெளுத்து நேராக எழுந்தது. ஊரே பார்த்தது. அன்றைய கூட்டத்தில் எல்லாத் தலைகளும் ஜொசாயாவின் பக்கம் திரும்பின. மத்தேயின் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

“நேத்து சேர்ந்தவங்க புத்தி வேற எப்படி இருக்கும்?” என்றது ஒரு குரல்.

“கரியைப் பார்த்தா கை சும்மா இருக்குமா?” என்றது இன்னொன்று. சிலர் சிரித்தார்கள்.

ரீஸ் கேட்டார். “ஜொசாயா, உள்ளே போனீங்களா?”

“இல்லை.”

“பின்னே யாரு?”

ஜொசாயா பல வருஷம் மத்தேயோடு முறை மாற்றி அந்த உலையில் நின்றவர். அது யார் கை பட்ட நெருப்பு என்று புகையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துபோயிற்று. “சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லை,” என்றார். அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள்தான்.

மத்தேய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜொசாயா வீட்டுக்குப் பாலை நிறுத்தச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ரீஸ். கைகள் எழத் தொடங்கின. இலோனா தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.

“போனது எம் புருஷன்,” என்றாள்.

மத்தேய் வாசலைத் தாண்டினான். ஆனால் எல்லோருடைய பிழைப்பையும் காப்பாற்றினான். இலோனா கணவனுக்குத் தந்த வாக்கையும் சங்கத்துச் சத்தியத்தையும் சேர்த்தே மீறினாள். ஜொசாயா ஒன்றையும் மீறவில்லை. இந்த மூவரில் யார் செய்தது சரி? யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: ஜொசாயா என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் அடிபடுகிறவர் தன் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய பொறுமையின் தயவில் தன் பிள்ளைக்குப் பால் பெறுகிறவர் பேசாமல் இருக்கலாகாது. மத்தேய் உலையைக் காத்தது நியாயமே, கூட்டத்தில் வாயைத் திறந்திருந்தால். இலோனாவும் மௌனமாக இருந்திருந்தால் அந்தப் பழைய சங்கமே புதுப் பெயரில் திரும்பி வந்திருக்கும். ஆகவே அவள் செய்ததே சரி. சரியாகச் செய்ததால் அவள் வீட்டுக்குப் பால் நிற்காமல் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அன்று மாலை மத்தேய் அவளோடு பேசவில்லை. சங்கத்துப் பாலும் நின்றது. பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர்தான்.