மூக்கில் செம்மண்

முள்ளையன் என்ற முள்ளம்பன்றிக்கு முதலில் கெடுதல் செய்தது சடைச்சிக் கரடிதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்த நல்லதைக் கேட்டுவிட்டு யாரும் இதை மறந்துவிடக் கூடாது.

ஒரு காட்டுக் குளத்துக்கு மேற்கே செம்மண் சரிவில் ஒரு கறையான் புற்று. அதற்கு அடியில் முள்ளையனின் வளை. இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு சடைச்சி அங்கே கறையான் தின்ன வந்தாள். புற்றை நகத்தால் பிளந்தாள். வளையின் கூரை பொத்தென்று உள்ளே விழுந்தது. முள்ளையன் தும்மிக்கொண்டே மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தான்.

"உள்ள ஆளு இருக்கியா அண்ணே? தெரியாமப் போச்சு. நாளைக்கே ஒரு பலகைக்கல்லைப் புரட்டிட்டு வந்து மூடித் தாரேன்" என்றாள் சடைச்சி.

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. மழை பெய்தால் முள்ளையன் ஒரு மூலையில் ஒடுங்கிப் படுத்தான். ஓட்டை வழியே வானம் தெரிந்தது. வானம் தெரியும்போதெல்லாம் அவனுக்குச் சடைச்சியின் நினைப்பு வந்தது.

சடைச்சிக்கு நேரம் இல்லை. அந்தக் காட்டில் யாருக்குமே நேரம் இல்லை. மலை உச்சியில் ஒரு கோயில் இருந்தது. அங்கே போகும் ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவு. வண்டிகள் அந்த இடத்தில் மெதுவாகத் திரும்பும். உள்ளே இருப்பவர்கள் பன், வாழைப்பழம், பொரி என்று எறிவார்கள். குரங்குத் தலைவன் வாலாண்டி விடிந்ததும் தன் கூட்டத்தோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். பின்னாலேயே காட்டுப்பன்றிகள் போயின. சடைச்சிக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. அவற்றையும் அவள் அங்கேதான் கூட்டிப் போனாள். வண்டிச் சத்தம் கேட்டால் வாயைத் திறக்க வேண்டும் என்பதுதான் அந்தக் குட்டிகள் கற்ற முதல் பாடம்.

முள்ளையன் மட்டும் போகவில்லை. சரிவில் காட்டு வள்ளிக்கிழங்கு விளைந்தது. அவன் அதைத் தோண்டித் தின்றான். ஆனால் முழுதாகத் தின்ன மாட்டான். கிழங்கின் தலைப்பக்கத்தை ஒரு சாண் அளவுக்குக் கொடியோடு மிச்சம் வைப்பான். அதைத் திரும்பக் குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி, மூக்காலேயே அமுக்கி விடுவான். அடுத்த மழைக்கு அது துளிர்க்கும். மறு வருடம் அதே குழியில் புதுக் கிழங்கு கிடைக்கும்.

ஒருநாள் வாலாண்டி மரத்தில் இருந்து இதைப் பார்த்தான். "தின்னதைத் திரும்பப் புதைக்கிற ஆளை இப்பத்தான்யா பாக்கிறேன். கிழங்குக்குக் கருமாதி பண்றியா?" என்று கேட்டான். குரங்குக் கூட்டம் கிளைகளில் புரண்டு சிரித்தது. முள்ளையன் குழியை அமுக்கி முடித்துவிட்டுப் போனான். ஆனால் அதை மறக்கவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. மலை சரிந்து ரோட்டின் மேல் விழுந்தது. வண்டிகள் நின்றுபோயின. வாலாண்டி ஒரு மாதம் வளைவில் உட்கார்ந்து பார்த்தான். காற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை.

காட்டில் பசி வந்தது. பக்கத்துப் புற்றுகளையெல்லாம் சடைச்சி முன்பே உடைத்துத் தீர்த்திருந்தாள். அவளுக்குப் பால் வற்றியது. குட்டிகளுக்கு முதுகெலும்பு தெரிந்தது. தூரத்தில் இடி இடித்தாலும் அவை வண்டி என்று நினைத்து வாயைத் திறந்தன.

ஒரு சாயங்காலம் சடைச்சி குட்டிகளோடு முள்ளையனின் வளைக்கு வந்தாள். உடைந்த கூரைக்குப் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணே, இந்தப் பிள்ளைக ரெண்டையும் இன்னைக்கு மட்டும் பாத்துக்க. அடிவாரத்துக் கரும்புத் தோட்டம் வரைக்கும் போயிட்டு வந்திடறேன்."

முள்ளையன் நிமிர்ந்து பார்த்தான். அந்தத் தோட்டத்தைச் சுற்றி மின்கம்பி ஓடியது. போன வருடம் குட்டிகளின் தகப்பன் அந்தக் கம்பியில் பட்டுத்தான் செத்துக் கிடந்தான்.

"கம்பி இருக்கு."

"தெரியும்."

"நீ திரும்பி வரலைன்னா?"

சடைச்சி குட்டிகளை முன்னால் தள்ளினாள். குட்டிகள் ஓட்டை வழியே உள்ளே எட்டிப் பார்த்தன.

முள்ளையனின் முட்கள் சிலிர்த்து நின்றன. "நீ போகக் கூடாது" என்றான்.

"எம்மேல உனக்கு அம்புட்டு அக்கறையா அண்ணே?"

"அக்கறையா? நீ செத்துட்டா எங்கூரையை எவன் மூடுவான்?"

சொல்லிவிட்டு அவன் சரிவில் ஏறினான். காய்ந்த கொடி ஒன்றைப் பிடித்து, அதன் அடியில் தோண்டினான். முழங்கை நீளத்தில் ஒரு கிழங்கு வந்தது. குட்டிகள் அதன் மேல் விழுந்தன. அவை மெல்லும் சத்தத்தைக் கேட்டுச் சடைச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த மூச்சு ஒரே பெருமூச்சாக வந்தது.

"தலையைத் தின்ன விடாதே" என்று அதட்டினான் முள்ளையன். அன்று முதல் தடவையாகச் சடைச்சி ஒரு கிழங்குத் தலையை மண்ணில் வைத்து மூக்கால் அமுக்கினாள்.

சேதி பரவியது. பன்றிகள் வந்தன. குரங்குகளும் வந்தன. கிழங்கைத் தின்றுவிட்டுத் தலைகளை அவை கண்ட இடத்தில் எறிந்தன. இரண்டே நாளில் சரிவில் காலிக் குழிகள் தெரிந்தன. இப்படிப் போனால் அடுத்த வருடம் குட்டிகளுக்கு ஒன்றும் இருக்காது. முள்ளையன் பாதையை மறித்து நின்று ஒரு சட்டம் போட்டான்.

"மூக்குல மண்ணு இல்லாதவனுக்கு அடுத்த கிழங்கு கிடையாது."

புதைத்தவன் மூக்கில்தானே மண் இருக்கும்! எல்லோரும் முனகிக்கொண்டே புதைத்தார்கள். வாலாண்டி மட்டும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். மூன்றாம் நாள் மூக்கு நிறைய மண்ணோடு வந்து நின்றான்.

"பாரு, எவ்வளவு மண்ணு. எடு கிழங்கை."

முள்ளையன் கிட்டே வந்து முகர்ந்தான். "இந்தச் சரிவு பூரா செம்மண்ணு. உம்மூக்குல இருக்கிறது கரிசல். குளத்தங்கரையில என்ன கிழங்கு புதைச்சே வாலாண்டி?"

இந்தத் தடவை குரங்குக் கூட்டம் தன் தலைவனைப் பார்த்துப் புரண்டு சிரித்தது. வாலாண்டி வாலைச் சுருட்டிக்கொண்டு போனான்.

ஆனால் அவனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அவமானப்பட்டால் சும்மா இருக்க மாட்டான். எறிந்த தலைகளையெல்லாம் பொறுக்கினான். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து, இரண்டு குழியில் வைத்துப் பார்த்தான். கல்லாய் இறுகிக் கிடந்த மேட்டைப் பன்றிகள் கிளறிக் கொடுத்தன. முள்ளையன் தினமும் வந்து பார்த்துவிட்டு, தேறாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

சித்திரையில் கோடை மழை இறங்கியது. ஐந்தாம் நாள் காலையில் சரிவெங்கும் சிவப்புத் துளிர்கள் எட்டிப் பார்த்தன. பிளந்து வைத்த துண்டுகள் எல்லாமே முளைத்திருந்தன. சடைச்சி ஒவ்வொரு குழியாகப் போய் முகர்ந்து பார்த்தாள். கரும்புத் தோட்டம் இருக்கும் திசையைக்கூட அவள் இப்போது பார்ப்பதில்லை.

அன்று குளத்தங்கரையில் மிச்சமிருந்த பழைய கிழங்குகளோடு விருந்து. ரோட்டைச் சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது. தூரத்தில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. குட்டிகள் தலையைத் தூக்கின. பிறகு குனிந்து கிழங்கைத் தின்றன.

வாலாண்டி பாறைமேல் ஏறிப் பேசினான். "சோத்தைத் தேடி ரோட்டுக்கு ஓடுனோம். அது நம்ம காலுக்கடியில கிடந்திருக்கு. காட்டினவரு அண்ணன் முள்ளையன். அவரைப் பாத்துச் சிரிச்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

முள்ளையனுக்குக் கொடிப்பூ மாலை ஒன்றைப் போட்டார்கள். அது பாதியிலேயே முட்களில் மாட்டிக்கொண்டு நின்றது.

முள்ளையன் சடைச்சியைத் திரும்பிப் பார்த்தான். "மாலை சரி. கல்லு எங்கே?"

"நாளைக்கே அண்ணே. சத்தியமா நாளைக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். முள்ளையன் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே மழை வந்தது. அவன் வளைக்குப் போனபோது, நனையாத அந்த ஒரு மூலையிலும் கரடிக்குட்டிகள் இரண்டும் வயிறு புடைக்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் மூக்கில் செம்மண் ஒட்டியிருந்தது. முள்ளையன் அவற்றை எழுப்பவில்லை. ஓட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்து நனைந்தான். கல் இன்னும் வரவில்லை.

எடுத்த இடத்தில் திருப்பி வைக்கிறவர்களுக்கு மண் என்றும் சோறு போடும்; ஆனால் மண்ணுக்குத் திருப்பித் தந்தவர்கள் பக்கத்து வளைக்காரனுக்கும் திருப்பித் தர வேண்டும்.