எந்தக் கட்டத்துக்குள்

குகதாசன் வயதில் மூத்த சீடர். அவருக்குத் தியானம் சொல்லிக்கொடுத்த நிலானிக்கு முப்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் அவர் "ரீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அவர் அண்ணன் வயதுக்காரர் என்பதால் ரீச்சர் அவரை "அண்ணை" என்பார்.

டொரொண்டோவுக்குக் கிழக்கே ஒரு சமூக நிலையத்தின் பின்னறையில் ஞாயிறு காலைகளில் வகுப்பு நடக்கும். அன்றைக்கு குகதாசன் நேரத்தோடு வந்துவிட்டார். ரீச்சர் பாய் விரித்துக்கொண்டிருந்தார். இவரும் ஒரு பாயை எடுத்தார். விரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ரீச்சர், கூலிக்குச் செய்த வேலையைத் தலைமை எண்டு சொல்லலாமோ?"

"ஆருக்குச் சொல்ல?"

"மெடிக்கல் கொலிச்சுக்கு."

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுக்கும் ஒரு பெரிய லோண்டரியில் அவருக்கு வேலை. அங்கே அவர் லீட் ஹாண்ட். துணியைச் சுமந்து ஓடும் ஒரு பெல்ட்டின் அருகில் நின்று அழுக்குத் துணி பிரிப்பவர்களுக்கு மூத்த ஆள். இரவில் வேலை செய்து, பகலில் படித்துப் பட்டம் எடுத்திருந்தார். போன வருடம் மருத்துவம் படிக்க விண்ணப்பித்தார், கூப்பிடவில்லை. இதுதான் கடைசித் தடவை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். விண்ணப்பம் அனுப்ப இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"விண்ணப்பத்தில ஒவ்வொரு அனுபவத்தையும் ஒரு கட்டத்துக்குள்ளதான் போடலாம், ரீச்சர். வேலை எண்டொரு கட்டம். தலைமை எண்டொரு கட்டம். என்ர மருமகன் இப்ப மெடிசின் படிக்கிறான். அவன் சொல்றான், 'வேலை எண்டு போட்டால் ஒருத்தரும் திரும்பியும் பாக்கமாட்டினம் மாமா, ஒரு பெல்ட்டையே நடத்தியிருக்கிறீங்கள், தலைமை எண்டு போடுங்கோ' எண்டு."

"சரி."

"மனுசி சொல்றா, 'சம்பளம் வாங்கிப்போட்டுத் தலைமை எண்டு எழுத வெக்கமில்லையோ? காசு வாங்காமல் சனத்துக்கு முன்னால நிண்டவைதான் தலைவர். நீங்கள் மணிக்கூட்டைப் பாத்து வேலை செய்த ஆள்' எண்டு."

"அதுவும் சரி."

"ரெண்டும் எப்பிடிச் சரியாகும்? அவன் கதைக்கேக்க அவன் சொல்றது சரி போல கிடக்கு. இவ கதைக்கேக்க இவ சொல்றது சரி போல கிடக்கு. ராத்திரி முழுக்க மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தன். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

ரீச்சர் அவர் கையிலிருந்த பாயை வாங்கி விரித்தார்.

மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்து கண்ணை மூடியதும் ரீச்சர் எழுந்து வந்து, வகுப்பை முடிக்கும்போது அடிக்கிற சிறு வெண்கல மணியை குகதாசனின் மடியில் வைத்தார்.

"நீங்கள் நடத்துங்கோ" என்று காதோடு சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

குகதாசன் கண்ணை மூடவில்லை. மூடலாமா என்றும் தெரியவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வழக்கமாக மணி அடிக்கும் நேரம் வந்தது. ரீச்சர் வந்துவிடுவார் என்று நினைத்தார். கதவு திறக்கவில்லை. நேரம் கடந்தது. யாரோ செருமினார்கள். ஒருவர் ஒரு கண்ணைத் திறந்து இவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். குகதாசன் மணியைத் தூக்கினார். அடிக்கச் சொல்லித் தந்தாரா, வைத்திருக்கச் சொல்லித் தந்தாரா என்று ஒரு யோசனை வந்தது. திரும்ப மடியில் வைத்தார்.

மூலையில் இருந்த ராசநாயகம் ஐயாவுக்குக் கால் விறைத்துவிட்டது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தொடையைப் பிடித்தார். பக்கத்தில் இருந்த மங்களேஸ்வரி அதைப் பார்த்தார். மெதுவாக நகர்ந்து போய், ஐயாவின் காலைத் தன் மடியில் எடுத்துப்போட்டு உருவிவிட்டார்.

"இண்டைக்குக் காணும், எல்லாரும் எழும்புங்கோ" என்றார், தலையைத் திருப்பாமல்.

எல்லாரும் எழுந்தார்கள். பாயைச் சுருட்டினார்கள். போகும்போது குகதாசனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அது அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

அறை வெறுமையான பிறகு ரீச்சர் வந்தார்.

"ஆர் வகுப்பை முடிச்சது?"

"மங்களேஸ்வரி அக்கா."

"மணி ஆரிட்ட இருந்தது?"

"என்னட்ட."

ரீச்சர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். குகதாசன் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே கேட்டார்.

"அப்ப தலைமை எண்டு போடக்கூடாது. அதைத்தானே சொல்றீங்கள்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. லோண்டரியில பெல்ட்டை ஆர் நிப்பாட்டுறது?"

"பக்கத்தில ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கு. எனக்குக் கிட்டத்தான். ஆனால் சூப்பர்வைசரைக் கேளாமல் அமத்தேலாது."

"நீங்கள் ஒருக்காலும் அமத்தினதில்லையோ?"

குகதாசன் மணியைத் தரையில் வைத்தார்.

"ஒருக்கா அமத்தினனான்" என்றார். "லோர்னா எண்டு ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை. வேலைக்கு வந்த முதல் கிழமை. விரிப்புக்குள்ள சுருண்டு கிடந்த ஊசி ஒண்டு கையுறையைத் துளைச்சு அவவின்ர விரலில ஏறிப்போட்டுது. ஆருக்குப் போட்ட ஊசி எண்டு தெரியாது. அந்தப் பிள்ளை விரலைப் பாத்தபடி நிக்குது, துணி வந்துகொண்டே இருக்கு. நான் பொத்தானை அமத்திப்போட்டன்."

"பேந்து என்ன நடந்தது?"

"அவவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனன். போகேக்க மற்ற ஆக்கள் எல்லாரும் கையுறையைக் கழட்டி மேசையில வைச்சுப்போட்டு நிண்டவை. ஊசி ஏறாத தடிச்ச உறை தந்தால்தான் தொடுவம் எண்டு. நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை, ரீச்சர். சத்தியமா."

"நிர்வாகம் என்ன செய்தது?"

"என்னைக் கொஞ்ச நாளைக்கு வீட்டை அனுப்பிப்போட்டுது. சம்பளமும் இல்லை. திரும்பிப் போகேக்க தடிச்ச உறை வந்திருந்தது, ஆனால் என்ர லீட் ஹாண்ட் வேலை போயிருந்தது. கன மாதத்துக்குப் பிறகுதான் திரும்பத் தந்தவை."

"லோர்னாவுக்கு?"

"ரத்தத்தில ஒண்டும் இல்லை. தப்பிவிட்டா."

"மணியை அடிக்கத் தயங்கின ஆள், அண்டைக்கு எப்பிடிப் பொத்தானை அமத்தினீங்கள்?"

"அண்டைக்கு யோசிக்க நேரம் இருக்கேல்லை."

"இதை விண்ணப்பத்தில எழுதினீங்களோ?"

"இல்லை." குகதாசன் நெற்றியைத் தேய்த்தார். "இதை எங்க எழுதுறது? தலைமைக் கட்டத்தில எழுதுவம் எண்டால், அது தலைமை பறிபோன கதை. வேலைக் கட்டத்தில எழுதுவம் எண்டால், அந்த நாளுகளுக்குச் சம்பளமே இல்லை. தொண்டு எண்டும் சொல்லேலாது. நானாப் போய்ச் செய்யேல்லை, கண்ணுக்கு முன்னால நடந்தது. ஒரு கட்டத்துக்குள்ளயும் அது வராது, ரீச்சர். அதை விட்டுப்போட்டன்."

"அதை விட்டுப்போட்டு என்னத்தை எழுதினீங்கள்?"

"பன்னிரண்டு பேரை மேற்பார்வை செய்தனான் எண்டு."

ரீச்சர் சிரிக்கவில்லை. வெளியே வாகனத் தரிப்பிடத்தில் மங்களேஸ்வரி ராசநாயகம் ஐயாவைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். ரீச்சர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லோர்னா இப்ப எங்க, அண்ணை?"

"அங்கதான். பக்கத்து பெல்ட்டில அவதான் லீட் ஹாண்ட்."

"அவ பொத்தானை அமத்துறதெண்டால் ஆரைக் கேட்பா?"

குகதாசன் யோசித்தார். இதுவரை அவர் அதை யோசித்ததே இல்லை.

"ஆரையும் கேக்கமாட்டா" என்றார். "துணிக்குள்ள ஏதாவது மினுங்கினால் காணும். உடனே அமத்திப்போடுவா. அவவின்ர பெல்ட்டில நிக்கிற பிள்ளையளும் அப்பிடித்தான்."

சொல்லிவிட்டு, தான் சொன்னது என்ன என்று விளங்காதவர் போல ரீச்சரைப் பார்த்தார்.

"அப்ப அவவிட்டப் போய்க் கேளுங்கோ" என்றார் ரீச்சர், "உங்களை எந்தக் கட்டத்துக்குள்ள போடுறது எண்டு."