குடிசைக்குள் வந்தவள்

ஒரு குருமடத்தின் லத்தீன் பாடப் புத்தகத்தில் காசா என்றொரு சொல் இருந்தாள். குடிசை என்று அவளுக்கு அர்த்தம்.

காலையில் மணியடித்ததும் வகுப்பே சேர்ந்து அவளை ஆறு வேற்றுமையிலும் ஓதும்: குடிசை, குடிசையின், குடிசைக்கு, குடிசையை, குடிசையே, குடிசையில்.

பக்கத்து வரியில் அரண்மனை என்ற சொல் இருந்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்னடி, இன்னிக்கும் ஆறு புடவை மாத்திக் கட்டி, ஆறையும் மடிச்சு வெச்சிட்டியா?"

"ஆமாக்கா. 'குடிசைக்கு'ங்கிறாங்க, ஒருத்தரும் வரல. 'குடிசையே'ன்னு கூப்பிடுறாங்க, நான் 'என்ன'ங்கிறதுக்குள்ள போயிடுறாங்க. 'குடிசையில்'னு முடிக்கிறாங்க, உள்ளே பார்த்தா ஆளில்லை."

"எங்கிட்ட ராஜா வருவார், மந்திரி வருவார். உன் வாசல்ல யாருடி குனிவா?"

காசா தன் காலி வாசலைப் பார்த்தாள். ஆண்டவரே, ஒரே ஒருத்தர் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

அன்று மழை. லத்தீன் கற்பிக்கும் இஞ்ஞாசி சாமியார் சொன்னார்: "நாளைக்குப் புதுப் பாடம். இந்தப் பக்கத்துக்கு இனி வர மாட்டோம். இதிலிருக்கிற ஒரு சொல்லை வெச்சு ஆளுக்கொரு வாக்கியம் எழுதிட்டு மூடுங்க."

காசா ஒவ்வொரு பேனாவாகப் பார்த்தாள். எல்லாருடைய பேனாவும் அரண்மனையைத் தேடியே போயிற்று. கடைசி பெஞ்சில் தொம்மை மட்டும் எழுதாமல் ஓட்டில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தான். குருமடத்துக்கு வந்த அன்றே, எங்களுடையது மாடி வீடு என்று சொல்லிவிட்டவன்.

பக்கத்தில் இருந்த ஆரோக்கியம் இடித்தான். "என்னடா, உங்க மாடி ஒழுகுதா?"

தொம்மை சிரிக்கவில்லை. மெதுவாக எழுதினான். சாமியார் கேட்டதும் எழுந்து வாசித்தான்.

"குடிசையில் என் அம்மா செபிக்கிறாள்."

"யார் குடிசைப்பா?"

"எங்க குடிசைதான், சாமி. ஓலைக் குடிசை." காது சிவந்திருந்தது, குரல் நடுங்கவில்லை.

ஆரோக்கியம், அவன் வசதியாக உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டான்.

அப்போது வேறொரு பக்கத்திலிருந்து அம்மா என்ற சொல் எழுந்து, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே வந்தாள். யாரும் சொல்லாமலே வாசலில் தலையைக் குனிந்தாள். எங்கே ஒழுகும் என்று தெரிந்தவள்போல அங்கே ஒரு சட்டியை வைத்தாள். ஒழுகாத மூலையில் முழங்காலிட்டாள்.

"ஏ காசா! யாருடி வந்திருக்கா?" அரண்மனை எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"மெதுவா பேசுங்கக்கா," என்றாள் காசா. "உள்ளே செபம் நடக்குது."