ட்வீட்டருக்கு முன்னால் ஒரு தடை

“இன்னும் எதை மாத்தணும் டீச்சர்?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

ஜெபக்கனி மேஜைமேல் குனிந்து பார்த்தார். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் ஸ்பீக்கர் செய்யக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். ஆவுடையப்பன் அவரைவிட மூத்தவர். இருந்தாலும் அந்த அறையில் மாணவர்தான்.

மேஜைமேல் ஆவுடையப்பன் கொண்டுவந்த கிராஸ்ஓவர் கிடந்தது. ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருந்துகொண்டு, கனத்த ஒலியைப் பெரிய கோனுக்கும் மெல்லிய ஒலியைச் சின்ன ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற பலகை அது.

அதில் பழைய சாமான் ஒன்றுகூட மிச்சமில்லை. கம்பிச்சுருள் புதிது. கண்டன்சர்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை, ஒவ்வொன்றும் வாழைக்காய்ப் பருமன். பற்றவைத்த ஈயத்தில்கூட வெள்ளி கலந்திருந்தது. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் இப்படித்தான். ஒன்றை மாற்றினால் அடுத்தது கண்ணை உறுத்தும்.

இப்போது என்ன குறை என்று கேட்டார் ஜெபக்கனி.

குறையே இல்லை என்றார் அவர். வயலின்காரர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறதாம். ஆனால் அவர் மனைவி கோமதி, கல்யாணமான நாள் முதல் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவள், இப்போது முதல் பாட்டு முடியுமுன் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். காதில் குத்துகிறது என்கிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

“அவளுக்குக் காது பழகலை டீச்சர். இன்னும் நல்ல சாமான் போட்டா உக்காருவா.”

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. பக்கத்து நாற்காலி காலியாகக் கிடப்பது அவருக்குத் தாங்கவில்லை.

“மைனி எப்பம் எந்திச்சுப் போக ஆரம்பிச்சாவ?”

“கண்டன்சர் மாத்துனதுல இருந்து.”

ஜெபக்கனி ஒரு டப்பாவைத் திறந்து, மின்சாரத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர்களை ஒரு கைப்பிடி அள்ளி அவர் முன்னால் வைத்தார். சாக்பீஸ் துண்டுகள் போல வெள்ளையாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருந்தன.

“ட்வீட்டருக்குப் போற வழியில இதுல ஒண்ணைப் போடுங்க அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் பதறிவிட்டார். வழியில் இருந்த தடையை எல்லாம் எடுக்கத்தானே இத்தனை பாடும்? நல்ல பாதையை வெட்டிக் கல்லை வைக்கச் சொல்கிறாரே என்று இருந்தது அவருக்கு.

“ஆமா, தடைதான். பழைய கண்டன்சருக்குள்ளயே இது கொஞ்சம் இருந்துச்சு. செஞ்சவன் அதையும் சேத்துத்தான் ட்வீட்டரை அமைச்சிருக்கான். நீங்க அதைத் தூக்கிப் போட்டுட்டிய.”

எவ்வளவு போடுவது, மீட்டர் வைத்து அளந்துகொள்ளட்டுமா என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“மீட்டர் வேண்டாம். உங்க காதும் வேண்டாம். மைனியை உக்கார வைங்க. எதைப் போட்டா எந்திக்காம இருக்காவளோ, அதான் சரி.”

“அவளுக்கு ட்வீட்டர் எது, கோன் எதுன்னே தெரியாது டீச்சர்.”

ஜெபக்கனி அதற்குள் அடுத்த மாணவரின் பெட்டியைப் பார்க்கத் திரும்பியிருந்தார்.

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் கிராஸ்ஓவரைப் பெட்டிக்கு வெளியே வைத்து வயர் இழுத்துக்கொண்டார். கோமதியைக் கூப்பிட்டார். சோதனை எலி கிடைக்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

முதலில் போட்ட ரெசிஸ்டருக்குப் பாதிப் பாட்டில் எழுந்துவிட்டாள். இன்னொன்றுக்கு இருந்தாள், ஆனால் கை காதோரம் போனது. மாற்றினார். மறுநாளும் மாற்றினார். விளக்கம் சொல்ல வந்த வாயை அடக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை பாட்டு ஓடும்போது அவர் அந்தப் பக்கம் திரும்பியதே கிடையாது. எந்த இடத்தில் அவள் புருவம் சுருங்கும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு மாடியேறி வந்தார்.

“மைனி உக்காந்தாவளா?”

“உக்காந்தா. அரிசி ஊறப்போட்டதையே மறந்துட்டா.”

“சத்தம் எப்படி இருந்துச்சு?”

ஆவுடையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தெரியலையே டீச்சர். அவ கூடவே பாடிக்கிட்டு இருந்தா.”