ஆடு மேய்ந்த ரோசா

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அங்கே மழைக்கும் குறைவில்லை, மன்னரின் கோபத்துக்கும் குறைவில்லை. மற்றபடி நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு பொருளின் மேல் ஆசை வைத்துவிட்டார் என்றால், அதன் பக்கத்தில் நின்று மூச்சு விடுவதற்குக்கூட மற்றவர்கள் உத்தரவு வாங்க வேண்டும். அப்படி அவர் ஆசை வைத்தவற்றில் ஒரு ரோசாச் செடியும் உண்டு.

கடல் கடந்து வந்த வியாபாரி ஒருவன் காணிக்கையாகக் கொடுத்த செடி அது. கொடியாகப் படராது, மரமாக உயராது. இடுப்பளவுக்குப் புதராக அடர்ந்து நிற்கும். பூவின் நிறம், மாதுளையைப் பிளந்தால் உள்ளே தெரியுமே, அந்த ஆழ்ந்த நிறம். இதழுக்குள் இதழாக, ஒரு பூவிலேயே உள்ளங்கை நிறைந்துவிடும். வாசனையைக் கேட்கவே வேண்டாம். தோட்டத்தில் ஒன்று விரிந்தால் அந்தப்புரத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் ராணி முதல் பிள்ளை உண்டாகியிருந்தார். மசக்கை அவரைப் பாடாய்ப் படுத்தியது. பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. அரண்மனை வைத்தியர் கொடுத்த லேகியம் வந்த வழியே திரும்பி வந்தது. இந்த ரோசாவைக் கையில் வைத்து முகர்ந்தால் மட்டும் குமட்டல் அடங்கி, இரண்டு வாய் சோறு இறங்கும். அதனால் மன்னர் அந்தச் செடியைக் கும்பிடாத குறையாக வைத்திருந்தார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை மன்னர் தோட்டத்துக்கு வந்தார். தோட்டக்காரன் அழகுமலை ரோசாவின் கிளைகளைக் கத்தியால் கழித்துக்கொண்டிருந்தான். பூத்து ஓய்ந்த கிளையைக் கழித்தால்தான் புதுக் கிளை வரும், புதுக் கிளையில்தான் பூ வரும். செடி வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. மன்னருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தன் உயிரான செடி வெட்டுப்படுவது ஒன்றுதான். பதறிப்போய், இன்று முதல் இந்தச் செடியின் மேல் இரும்பு படக்கூடாது, படவைத்தவன் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று அங்கேயே ஆணையிட்டு, கத்தியையும் பிடுங்கிக்கொண்டார். அழகுமலை வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்ற பிரதானி கனகசபையார், அரசர் வாக்குக்கு எதிர்வாக்கா என்று ஓர் அதட்டுப் போட்டு அந்த வாயை மூடவைத்தார்.

செடி அதன் பாட்டுக்கு வளர்ந்தது. தலை வாராத பிள்ளை மாதிரி நாலா பக்கமும் நீண்டு, உள்ளே காய்ந்த குச்சியும் வெளியே வெற்று இலையுமாக நின்றது. பூ சிறுத்தது, குறைந்தது, ஐப்பசியில் அடியோடு நின்றே போயிற்று. மசக்கை விடவேண்டிய மாதம் வந்தும் ராணிக்கு விடவில்லை. தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கன்னம் ஒட்டிப்போயிற்று.

மன்னருக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் அவருக்குக் கோபமும் கூடவே வரும். பிரதானியோ, தோட்டக்காரன் வேண்டுமென்றே செடியைக் கவனிக்காமல் விட்டான் என்று காதோடு ஓதினார். தையில் ராணிக்கு வளைகாப்பு. அன்றைக்கு ராணியின் தலையில் வைக்க இந்தச் செடியில் பூ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழகுமலையும் அவன் மனைவி வெள்ளையம்மாவும் எல்லையைத் தாண்ட வேண்டியதுதான் என்று சபையில் தீர்ப்பாயிற்று. இரும்பு படக்கூடாது என்ற ஆணையும் அப்படியே இருந்தது.

தீர்ப்பைக் கேட்டுச் சபையின் ஓரத்தில் ஒருவன் எழுந்தான். அவன்தான் குப்பாண்டி, மன்னரைச் சிரிக்கவைத்துச் சம்பளம் வாங்கும் விகடகவி.

குப்பாண்டி இந்த ஊர்க்காரன் இல்லை. பல வருஷங்களுக்கு முன்னால் உடம்பெல்லாம் அம்மை வார்த்து, நடக்க முடியாமல் சத்திரத்து வாசலில் வந்து விழுந்தவன். சத்திரத்தில் இருந்தவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அழகுமலையும் வெள்ளையம்மாவும்தான் அவனைத் தூக்கிப்போய்த் தங்கள் குடிசையில் வேப்பிலை பரப்பிக் கிடத்தினார்கள். யார் என்ன என்று கேட்காமல் கஞ்சி ஊற்றி, அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விடுகிற வரை பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர்களை அண்ணன் என்றும் மதினி என்றும் அழைத்து வந்தான். ஊரையே கேலி செய்யும் குப்பாண்டிக்கு அவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் கேலி வராது.

அவன் முன்னால் வந்து கும்பிட்டான்.

"மன்னர் பெருமானே, செடி பூக்கும் என்று நான் பிணை நிற்கிறேன். பூக்காவிட்டால் அவர்களோடு நானும் எல்லையைத் தாண்டுகிறேன். ஆனால் ஒரு வரம் வேண்டும். வளைகாப்பு நாள்வரைக்கும் செடி எந்தக் கோலத்தில் நின்றாலும் தோட்டக்காரனுக்கோ எனக்கோ தண்டனை கூடாது."

இவன் தொலைந்தால் சபையில் தன் பேச்சுக்கு மறுபேச்சு இருக்காது என்று எத்தனையோ நாளாகக் காத்திருந்த கனகசபையார், கொடுக்கலாம் மன்னா, தாராளமாகக் கொடுக்கலாம் என்று முந்திக்கொண்டு சிபாரிசு செய்தார். மன்னர் வாக்குக் கொடுத்தார்.

குப்பாண்டி அதோடு விடவில்லை. ஆட்டுப்பால் குடித்தால்தான் தனக்கு யோசனை ஓடும் என்றும், தோட்டத்துக் கிணற்றடியில் ஓர் ஆடு கட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்றும் கேட்டான். அந்தக் கவலையிலும் மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றார்.

கார்த்திகை பிறந்து மழை விட்டதும், கொழுத்த வெள்ளாடு ஒன்று கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது. இருக்கிற இலை போதாதென்று அடுத்தவர் மேல்துண்டையும் ருசி பார்க்கிற சாதி. அதைக் கட்டிவிட்டு நேரே பிரதானியிடம் போன குப்பாண்டி, முகத்தை ஒன்றும் தெரியாதவன்போல் வைத்துக்கொண்டு ஒரு ரகசியம் சொன்னான்.

"ஐயா, தங்களைத்தான் நம்பியிருக்கிறேன். அந்த ஆட்டுக்கு ரோசா என்றால் உயிர். கயிறு மட்டும் அவிழ்ந்தது என்றால் செடி மொட்டையாகிவிடும், நானும் ஒழிந்தேன். காவல்காரர்கள் மத்தியானம் சாப்பிடப் போகிற நேரத்தில் யாரும் அந்தப் பக்கம் போகாமல் தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்."

பார்த்துக்கொள்கிறேன் என்று பிரதானி பெரிய மனதோடு தலையாட்டினார். மறுநாள் மத்தியானம் காவல்காரர்கள் சாப்பிடப் போனார்கள். அவர்கள் வாய் கழுவித் திரும்பி வருவதற்குள் ஆடு தன் சாப்பாட்டை முடித்துவிட்டது. முள்ளாவது ஒன்றாவது. இலை, தளிர், நீண்ட கிளை எல்லாம் போய், முழங்கால் உயரத்துக்குக் கட்டைகள் மட்டும் நின்றன.

அடுத்த நாள் சபை கூடியது. மன்னருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. வாக்குக் கொடுத்திராவிட்டால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. இரும்பு படக்கூடாது என்ற என் ஆணை என்னவாயிற்று என்று கேட்டார்.

"தங்கள் ஆணை என் தலைமேல் இருக்கிறது, மன்னா" என்றான் குப்பாண்டி. "இரும்பு படவில்லை. சந்தேகம் இருந்தால் ஆட்டின் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இருப்பதெல்லாம் பல். அதிலும் மேல்வரிசையில் முன்பல் ஒன்றுகூடக் கிடையாது."

ஒரு காவல்காரன் ஆட்டின் வாயைப் பிளந்து பார்த்து, உண்மைதான், இரும்பு இல்லை என்று சாட்சி சொன்னான். சபையில் யாரோ செருமிச் சிரிப்பை அடக்கினார்கள். யார் கயிற்றை அவிழ்த்தது என்று மன்னர் கேட்டார். தான் கட்டியதாகவும், அவிழ்த்தவரைப் பார்க்கவில்லை என்றும் குப்பாண்டி சொன்னான். யாரும் தன்னைக் கேட்காமலே, தான் நேற்று அந்தப் பக்கமே போகவில்லை என்று பிரதானி சொன்னார். கொடுத்த வாக்குக்காக மன்னர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துபோனார். ஆட்டைப் பிரதானி வீட்டிலேயே காவலில் வைக்கும்படி போகிறபோக்கில் ஓர் உத்தரவும் போட்டுவிட்டுப் போனார். அந்த ஆடு பிரதானியின் வெற்றிலைக் கொடியையும், விசிறியையும், விருந்துக்குப் போகிற தலைப்பாகையையும் தின்றது இந்தக் கதையில் சேராது.

அழகுமலை கட்டைகளைச் சுற்றிப் பள்ளம் பறித்து, எருவும் வேப்பம்புண்ணாக்கும் இட்டு நீர் ஊற்றினான். செய்ய முடிந்தது அவ்வளவுதான். குப்பாண்டி தினமும் வந்து அந்தக் கட்டைகளைப் பார்ப்பான். வெளியே எல்லோரிடமும் சிரித்துப் பேசினாலும் அவனுக்கும் பயம் இருந்தது. கத்தி வெட்டிய வெட்டு வேறு, ஆடு கடித்த கடி வேறு. செடி பட்டுப்போனால் அந்த இரண்டு பேரையும் தானே தெருவில் நிறுத்தியதாகிவிடும் என்று நினைக்கும்போது அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளையம்மா குடிசையில் பாத்திரங்களை மூட்டை கட்டி வைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது.

"எங்களால ஒனக்கும் இந்த ஊரு இல்லாமப் போகப்போகுதே, தம்பி. ஒன்ன யாரு பிணை நிக்கச் சொன்னது?"

"அன்னிக்கு நீங்க என்னத் தூக்காம விட்டிருந்தா எனக்கு எந்த ஊருமே இருந்திருக்காது, மதினி. அதுக்கப்புறம் நான் முழிச்ச ஒவ்வொரு காலையும் நீங்க குடுத்தது. அதுல கொஞ்சத்தத் திருப்பித் தரேன், வாங்கிக்கிடுங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, கேப்பைக்கூழ் இருக்கிறது, குடித்துவிட்டுப் போ என்றாள்.

மார்கழிக் குளிரில் கட்டைகளின் கணுவில் செக்கச் செவேலென்று தளிர் எட்டிப் பார்த்தது. அழகுமலை அதைக் காட்டியபோது குப்பாண்டி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். தளிர் கிளையாயிற்று, கிளை நுனியெல்லாம் மொட்டாயிற்று. தை பிறந்ததும் ஒரு காலை, செடி முழுவதும் ஒரே நேரத்தில் விரிந்தது. இலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும், அத்தனை பூ. வாசனை மதிலைத் தாண்டிக் கடைத்தெரு வரைக்கும் போயிற்று. அந்தப்புரத்தில் ராணி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்ட மன்னர், வாசலுக்கு வெளியே நின்று யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வளைகாப்பு முடிந்தது. தலை நிறைய ரோசாவும் கை நிறைய வளையலுமாக ராணி சபைக்கு வந்து அமர்ந்தார். விருந்துக்குத் தாளித்த ஐந்து வகைச் சோற்றையும் அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்ட செய்தி அவருக்கு முன்னாலேயே சபைக்கு வந்துவிட்டது. மன்னர் எழுந்தார். செடியைக் கொண்டாடுகிறேன் என்று அதன் வழியையே அடைத்தது தன் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். பிறகு குப்பாண்டியை அழைத்து, என்ன வேண்டுமானாலும் கேள் என்றார்.

குப்பாண்டி கையைப் பிசைந்தான்.

"பரிசை நான் வாங்கினால் பாவம், மன்னா. நான் ஆட்டைக் கட்டித்தான் வைத்தேன். கட்டியே கிடந்திருந்தால் இந்தப் பூ ஏது? கயிற்றை அவிழ்த்துவிட்ட புண்ணியவான் ஒருவர் இருக்கிறார். முறைப்படி பரிசு அவருக்குத்தான்."

அப்படியானால் அந்தப் புண்ணியவானுக்கு என் பல்லக்கையே கொடுக்கிறேன், யார் அது என்று மன்னர் கேட்டார். பல்லக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் கனகசபையாரின் கால் தானாக எழுந்து நின்றது.

"அடியேன்தான், மன்னா. என் கையால்தான் அவிழ்த்தேன். செடியின் நன்மைக்காகவே செய்தேன்."

சபையே அவரைத் திரும்பிப் பார்த்தது. மன்னரும் பார்த்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை என்று இதே இடத்தில் இதே மனிதர் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. பிரதானிக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் பாதியில் குனிந்து நின்றார். முதலில் சிரித்தது ராணிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்ததைப் பார்த்து மன்னரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், பொய் சொன்ன பிரதானியை எந்த எல்லை வழியாக அனுப்பலாம் என்று குப்பாண்டியிடமே கேட்டார்.

"அனுப்ப வேண்டாம், மன்னா. இவர் என்னைக் கெடுக்க நினைத்துத்தான் அவிழ்த்தார். ஆனாலும் அந்தக் கையால்தான் என் அண்ணனும் மதினியும் இன்று இந்த ஊரில் இருக்கிறார்கள். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்."

சொன்னதோடு நிற்காமல், அத்தனை பேர் முன்னாலும் பிரதானியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதில் கேலி கொஞ்சம் இருந்தது. மெய்யும் இருந்தது. நாடு கடத்தியிருந்தால்கூடக் கனகசபையாருக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அதன் பிறகு அவர் குப்பாண்டியின் வழிக்கு வரவே இல்லை.

மன்னர் தன் தோளில் கிடந்த பட்டைக் குப்பாண்டிக்குப் போர்த்தி, உனக்கென்று ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்றார். அழகுமலையின் கத்தியை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவன் கழிக்கிற குச்சிகளைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் நடக் கொடுக்க வேண்டும் என்று குப்பாண்டி கேட்டான். மன்னர் அந்தக் கத்தியைத் தன் கையாலேயே எடுத்து அழகுமலையிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொள்ளத் தயங்கியபோது, மன்னித்துக்கொள் அப்பா என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அந்தச் செடிக்குத் தன் பட்டப்பெயரைச் சூட்ட மன்னருக்கு ஓர் ஆசை இருந்தது. முரசறைந்து அறிவித்தும் பார்த்தார். ஊர் கேட்டால்தானே. வீட்டுக்கு வீடு வேலியோரம் அந்தச் செடி தழைத்தது. பிள்ளை உண்டான பெண்கள் தலையிலெல்லாம் அந்தப் பூ ஏறியது. என்ன பூ என்று யார் கேட்டாலும், ஆடு மேய்ந்த ரோசா என்றே சொன்னார்கள். கடைசியில் ஒரு நாள் மன்னரே மடியில் மகளை வைத்துக்கொண்டு, பூவைக் காட்டி அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொடுத்தார். சொல்லிவிட்டு அவருக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. அப்பா சிரிப்பதைப் பார்த்து, ஒன்றும் புரியாமலே குழந்தையும் சிரித்தது.