கூடைக்குள் போய்வந்த தேவாங்கு

பேரருவிப் பள்ளத்தின் இக்கரையில் ஒரு மலையணிலும் ஒரு கரடியும் ஒரு தேவாங்கும் இருந்தன. அக்கரையில் ஒரு சோலைமந்திக் கூட்டம் சிக்கிக்கொண்டிருந்தது. மண்சரிவில் அவற்றின் பாதையும் போச்சு, பழமரங்களும் போச்சு. பாவம், குட்டிகளோடு பட்டினி!

இரண்டு கரையையும் ஒரு நீளக் கொடி வளையமாகச் சுற்றி வந்தது. கரடி இழுக்க இழுக்கக் கொடி அக்கரைக்குப் போகும், திரும்பி வரும். செம்பன் என்ற மலையணில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இலைப்பொட்டலம் தைத்து, பழம் வைத்து, கொடியில் கட்டி அனுப்பும். மந்திகள் பிய்த்துத் தின்றுவிட்டு இலையை எறிந்துவிடும். பழம் வைப்பது கண் சிமிட்டும் வேலை. தைப்பதற்குத்தான் பொழுதெல்லாம் போனது.

செம்பனுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆழமான, வாய் குறுகிய மூங்கில் கூடைகளைக் கொடியிலேயே நிரந்தரமாகக் கட்டிவிட்டது.

"இனிமே தையல் வேலையே இல்லை! கூடை சுத்திக்கிட்டே இருக்கும். வர வரப் பழத்தைக் கொட்டினாப் போதும்!"

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கொடியில் யார் எதை மாற்றினாலும், அதில் கை வைக்காத ஒருவர் பார்த்துச் 'சரி' சொல்ல வேண்டும். அது முழியன் என்ற தேவாங்கின் பொறுப்பு.

முழியன் அண்ணாந்து பார்த்தது. நேற்றிலிருந்தே சோதனைக்காகப் பழம் ஏற்றி ஓடிய கூடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெண்பனிக்குள் போய் மறைந்தன. வேறொரு பக்கம் வெளியே வந்தன. முழியனுக்கு மயிர் சிலிர்த்தது.

"அடேயப்பா, செம்பா! இது எப்படித் தோணுச்சு உனக்கு?"

"அப்போ சரின்னு சொல்லு. அங்கே குட்டிங்க பசியில துடிக்குது. தேவாங்கு மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்காதே."

"நான் தேவாங்குதானே," என்றது முழியன். கரடி வயிறு குலுங்கச் சிரித்தது.

'சரி' என்ற சொல் முழியனின் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் பனியில் அக்கரை தெரியவில்லை. அருவி இரைச்சலில் குரலும் கேட்காது.

"இந்தப் பக்கம் ரொம்ப நல்லா இருக்கு. அந்தப் பக்கத்தை நான் பார்க்கலையே?"

"அங்கே பார்க்க என்ன இருக்கு? பசிச்சவன் கூடையைக் காலி பண்ணாம விடுவானா?"

முழியன், தன்னருகே வந்த கூடைக்குள் மெல்ல இறங்கி உட்கார்ந்துகொண்டது.

பள்ளத்தின் நடுவில் முழியன் கூடை விளிம்பைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தது. காலுக்குக் கீழே அருவி விழுந்துகொண்டிருந்தது. அதன் அடி தெரியவே இல்லை. இத்தனை ஆழத்துக்கு மேலே நாலு அத்திப்பழம் பத்திரமாகப் போய்ச் சேருகிறதே என்று முழியன் பயத்தை மறந்து வியந்தது.

அக்கரையில் தாய்மந்திகள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தன. எழுந்து நிற்க ஒரே ஒரு தாய்க்குத்தான் தெம்பு இருந்தது. அது குட்டியை மார்பில் அணைத்தபடி ஒற்றைக் கையால் பழத்தை எடுத்தது. ஒரு கூடையைக் காலி செய்வதற்குள் அடுத்தது தாண்டிப் போனது. முழியனின் கூடையையும் எட்டிப் பிடிக்கப் பார்த்தது. கூடை கைக்குத் தப்பிவிட்டது.

கூடை இக்கரைக்குத் திரும்பியது. செம்பன் மகிழ்ச்சியில் பாட்டுப் பாடிக்கொண்டே பலாச்சுளைகளைக் கவிழ்த்தது. எல்லாம் தொப்பென்று முழியன் தலையில் விழுந்தன.

"ஏம்ப்பா, உள்ளே ஆள் இருக்கு!"

செம்பன் பதறிப்போய் மற்றக் கூடைகளையும் தடவிப் பார்த்தது. பல கூடைகளில் பழைய பழத்தின் மேலேயே புதுப்பழம் விழுந்திருந்தது. அடியில் இருந்தது நசுங்கிப் புளித்த வாடை வீசியது. குட்டிகள் அதைத் தின்றிருந்தால்? செம்பனின் வால் தொங்கிப்போனது.

"என் யோசனையே தப்பா, முழியா?"

"யோசனை தங்கம். கூடை காலியாச்சான்னு தெரிஞ்சுக்க மட்டும் வழி இல்லை. அந்தத் தாய் காலி பண்ணின கூடையின் காதில ஒரு பச்சை இலையைச் செருகட்டும். இலை இருந்தாக் கொட்டு. இல்லைன்னா தொடாதே, இன்னொரு சுத்து போகட்டும். கரடியாரே, நீங்க கொஞ்சம் மெதுவா இழுங்க."

புளித்த பழங்களைக் கொட்டிவிட்டுக் கூடைகளைக் கழுவின. முழியன் மறுபடி கூடையில் ஏறி அக்கரைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தது. மூன்றும் பனியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தன.

ஒரு கூடை வந்தது. இலை இல்லை. செம்பனின் கை பரபரத்தது. ஆனாலும் தொடவில்லை. அடுத்த கூடை பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதன் காதில் ஒரு பச்சை இலை ஆடியது. கண்ணுக்கே தெரியாத அக்கரையில் ஒரு குட்டி வயிறார உண்டுவிட்டது! "இப்போ சரி," என்றது முழியன். செம்பன் இமைக்காமல் அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏன் தேவாங்கு மாதிரி முழிக்கிறே? பழத்தைக் கொட்டு," என்றது கரடி.

எவ்வளவு அருமையான வேலையானாலும், போய்ச் சேரும் இடம் வரை இன்னொரு கண் பார்த்த பிறகே அதை நம்பி இறங்க வேண்டும்.