எட்டு விநாடி விமானம்

"நாற்பது நாளாக ஒரே விமானத்தை வரைகிறேன், சென்செய். என்ன குறை என்று சொல்லிவிடுங்கள். இல்லை, என்னை அனுப்பிவிடுங்கள்" என்றார் குராத்தானி.

ஹிசாயே பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவளுக்கு முப்பத்தாறு. டோக்கியோவின் ஓரத்தில் இருந்த அந்த அசையும் சித்திரப்பட நிலையத்தில் அவள்தான் இயக்குநர். எல்லோரும் அவளைச் சென்செய், அதாவது ஆசிரியர், என்றே அழைத்தார்கள். குராத்தானியின் வாயில் அந்தச் சொல் வருவதற்கு இரண்டு மாதம் பிடித்தது.

விமானம் கட்ட ஆசைப்பட்ட ஓர் இளைஞனைப் பற்றிய படம் அது. அவன் வடிவமைத்த முதல் விமானம் தரையை விட்டு எழும் எட்டு விநாடிகள் குராத்தானியின் பங்கு. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தாள்கள்.

மூன்று தடவை வரைந்து கொடுத்தார். மூன்று தடவையும் திரும்பி வந்தது. மேல் தாளில் ஒரே வரி: இன்னும் கிளம்பவில்லை.

அன்று வியாழன். சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் காட்சி வேறு கைக்குப் போய்விடும்; அவரும் வெளியே போக வேண்டியதுதான். தொழிற்சங்கம் கட்டியதற்காக இரண்டு நிலையங்கள் ஏற்கெனவே அவரைத் தள்ளிவிட்டிருந்தன. இது மூன்றாவது கதவு. நான்காவது கிடையாது.

தோழரின் விமானம் வேலைநிறுத்தத்தில் இருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவன்கூட மறியலில் நின்றவனில்லை என்பதை அவர் மனத்தில் குறித்துக்கொண்டார்.

குறை எதுவென்று தனக்கே தெரியும் என்று நினைத்தார். அதை இப்போது கொட்டித் தீர்த்தார். இந்த விமானம் நாளை போருக்குப் போகும், ஊர்களை எரிக்கும், இதை நான் வெறுக்கிறேன், இதற்கு அழகு சேர்க்க என் கை மறுக்கிறது, மறுப்பதுதான் நியாயம் என்றார். துண்டறிக்கை எழுதிய காலத்து வேகம் குரலில் ஏறியது. முதலாளி கனவு காண்பான், தொழிலாளி சாவான், நீங்கள் அதற்கு இசை போடுவீர்கள் என்று முடித்தார்.

ஹிசாயே சீவி முடித்து, தூளை ஊதினாள்.

பிறகு முதல் தாளை அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் வைத்து, ஓர் இடத்தில் விரலை ஊன்றினாள்.

விமானச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரக்கட்டை. நிற்கும் விமானம் உருண்டுவிடாமல் முட்டுக் கொடுப்பது. பழைய புகைப்படத்தைப் பார்த்து அவர் ஆசையாக வரைந்தது. மரத்தின் ரேகைகூடத் தெரிந்தது.

ஹிசாயே பதினாறாவது தாளை எடுத்து வைத்தாள். விமானம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டையைக் காணோம்.

"இதை எடுத்தது யார்?"

குராத்தானி வாயைத் திறந்தார்.

இந்தக் கட்டடத்தை எழுப்பியது யார், இந்த ரயிலை ஓட்டுவது யார் என்று முப்பது வருடம் தொண்டை கிழியக் கேட்டவர் அவர். பதிலைக் கூட்டம் சொல்லும்.

இங்கே கூட்டம் இல்லை.

அவர் தாள்களை வாரிக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.

முதலில் தாளில் ஒரு தொப்பி வந்தது. அப்புறம் வளைந்த முதுகு, எண்ணெய்க் கறை படிந்த கால்சட்டை. கட்டையில் முடிந்திருந்த கயிற்றை அந்தப் பட்டறைத் தொழிலாளி வெடுக்கென்று இழுத்தான். கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இறக்கை தலையில் இடிக்காமல் புல்லில் குப்புற விழுந்தான். தொப்பி பறந்தது.

கட்டை விலகியதும் விமானம் ஒரு கணம் தயங்கியது. இதற்கு முன் அது தயங்கியதே இல்லை.

நாற்பது நாளாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. தன்னையறியாமல் ஒரு பாட்டை முணுமுணுத்தார். பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்து, ஒரு குவளைத் தேநீரை வைத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை மதியம் ஹிசாயே தாள்களை விரலிடுக்கில் சடசடவென்று ஓடவிட்டாள். சக்கரம் புல்லை விட்டு எழுந்தது. இன்னொரு முறை ஓடவிட்டாள். பிறகு சிவப்பு ஒப்புதல் முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

குராத்தானி தாள்களை அடுக்கக் கை நீட்டினார்.

அவள் கடைசித் தாளை மட்டும் தனியே எடுத்தாள். புல்லில் கிடந்தவன் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல்.

"இந்த விமானத்தை வெறுக்கிறேன் என்றீர்களே. இவன் ஏன் சிரிக்கிறான்?"

"வெறுப்பவன் நான்" என்றார் குராத்தானி. "செய்தவன் அவன்."